தீர விசாரித்த பின்பே தீர்ப்பு



ஒரு பொருள் பழுதானால் உடனே ஒரு குற்றவாளியைத் தேடுவது மனித இயல்பு. விற்றவர், பழுது பார்த்தவர், கடைசியாகத் தொட்டவர் என யாரேனும் ஒருவர் நம் நாவில் சிக்கிக்கொள்கிறார். திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் இந்த அவசரத்தைத்தான் தடுக்கிறது. வந்த செய்தியைத் தீர விசாரித்துத் தெளிவுபெற வேண்டும், இல்லையேல் அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரும் என்பது அதன் 6ஆம் வசனத்தின் கருத்து. ஊகங்களில் சில பாவமாகிவிடும் என எச்சரிக்கிறது 12ஆம் வசனம். ஒரு காரின் பானட்டைத் திறந்து நின்ற வேளையிலும் இவ்விரு வசனங்களும் எங்களுக்கு வழிகாட்டின. அதனை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

கட்டபொம்மன் நினைவுக்கோட்டையைக் காண வருவோருக்குப் பாஞ்சாலங்குறிச்சி சிறிது நேரம் நின்று செல்லும் ஊர். எங்களுக்கோ அது கரிசல் மண் சூழ்ந்த வாழ்விடம். தூத்துக்குடி நகரம் இங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. சிறுநீரக நோயாளியான எங்கள் உம்மாவை வாரம் இருமுறை டயாலிசிஸ் சிகிச்சைக்காக அங்கே அழைத்துச் செல்ல வேண்டும். ஃபஜ்ர் தொழுத கையோடு, இருள் முழுதும் விலகுமுன் புறப்பட்டாக வேண்டும். அதற்கென்றே ஒரு பழைய மாருதி காரை வைத்திருக்கிறோம். அந்தக் கார் நின்றுபோனால் உம்மாவின் சிகிச்சை தடைப்படும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வியாழன் மாலையில், பேட்டரிச் சின்னம் பொறித்த சிவப்பு விளக்கு டேஷ்போர்டில் அணையாமல் எரிந்தது. முகப்பு விளக்குகள் மங்கின. வெள்ளிக்கிழமை காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. சனிக்கிழமை அதிகாலை உம்மாவுக்குச் சிகிச்சை.

அந்தக் காருக்குப் புதுப் பேட்டரி போட்டு மூன்று மாதங்களே ஆகியிருந்தன. போட்டவர், நாங்கள் பல்லாண்டுகளாக வண்டி கொடுத்துவரும் மெக்கானிக் அண்ணாச்சி. எனவே வீட்டில் பேச்சு அவர் பக்கமே திரும்பியது. மச்சான் கொதித்தார்: “அண்ணாச்சி பழைய பேட்டரியில புது ஸ்டிக்கரை ஒட்டி நம்ம தலையில கட்டிட்டாரு. இன்னைக்கே நாலு பேரு முன்னால வச்சுக் கேக்கணும்.”

வாப்பா தஸ்பீஹைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்கள்: “மாப்ள, வாயைத் திறக்குறதுக்கு முன்னால மீட்டரை எடுங்க. அவரு தப்பு செஞ்சிருந்தா அது காட்டிக்குடுத்துரும். செய்யலன்னா, நாளைக்கு மறுமையில அவருக்கு நாம என்ன பதில் சொல்லுவோம்?”

சிற்றூரில் ஒரு கைத்தொழிலாளியின் முதல் என்பது அவருடைய பெயர்தான். தேநீர்க்கடையில் காலையில் விழும் ஒரு சொல் மாலைக்குள் அவரது பட்டறையைக் காலியாக்கிவிடும். இறுதி ஹஜ்ஜின் பேருரையில் உயிர், உடைமை ஆகியவற்றோடு மனிதரின் மானத்தையும் புனிதமானதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை வாப்பா அப்போது நினைவூட்டினார்கள்.

சோதனை எப்படி நடந்தது என்பதற்கு முன், சோதிக்கப்பட்ட கருவியைப் பற்றிச் சில சொற்கள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அதை ‘டைனமோ’ என்பார்கள். பழைய அம்பாசிடர் கார்களில் உண்மையிலேயே டைனமோதான் இருந்தது. இஞ்சின் மெதுவாக ஓடும்போது அது போதிய மின்சாரம் தராது. பின்னர் வந்த ஆல்டர்னேட்டர் அக்குறையைப் போக்கியது. பேச்சுவழக்கில் பெயர் மட்டும் மாறவில்லை. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இரண்டுக்கும் அடிப்படை. இஞ்சினின் சுழற்சியை ஒரு பெல்ட் ஆல்டர்னேட்டருக்குக் கடத்துகிறது. உள்ளே ரோட்டார் என்னும் மின்காந்தம் சுழல, சுற்றிலுமுள்ள செப்புக்கம்பிச் சுருள்களில் மாறுதிசை மின்சாரம் பிறக்கிறது. டயோடுகள் அதை நேர்மின்சாரமாக்குகின்றன. ரெகுலேட்டர் அதன் அழுத்தத்தைச் சுமார் 14 வோல்ட்டில் நிறுத்துகிறது. பேட்டரி ஒரு பானை என்றால் ஆல்டர்னேட்டர் அதை நிரப்பும் ஊற்று. ஊற்று வற்றியிருக்கையில் பானையைக் குறை கூறுவது நியாயமாகாது.

டீசல் மெக்கானிக் பிரிவில் ஐ.டி.ஐ. படித்த எங்கள் தம்பி சோதனையைத் தொடங்கினார். உப்பளக் காற்று வீசும் சாலையில் ஓடும் வண்டிகளில் பேட்டரி டெர்மினல்கள் விரைவில் அரித்துப் பூத்துவிடும். முதலில் அவற்றைச் சுரண்டித் துடைத்தோம். பேட்டரியைச் சார்ஜரில் சில மணி நேரம் ஏற்றி, ஓய்வில் வைத்து அளந்தோம். மல்டிமீட்டர் 12.5 வோல்ட் காட்டியது. நிறைந்த பேட்டரிக்கு 12.6 வோல்ட் இருக்கும். செல்ஃபும் முதல் முயற்சியிலேயே எடுத்தது. மின்சாரத்தை ஏற்று, தாங்கி, திருப்பிக் கொடுத்த அந்தப் பேட்டரியின் மீது குறையேதும் இல்லை. இஞ்சின் ஓடும்போது மீண்டும் அளந்தோம். 14ஐ நெருங்க வேண்டிய அளவு 12.1இல் நின்று, மெல்லக் கீழிறங்கியது. பெல்ட் இறுக்கமாகவே இருந்தது, ஃபியூஸ் எரியவில்லை, ஒயர்களிலும் அறுப்பில்லை. ஆக, பழுது ஆல்டர்னேட்டரில்தான். மச்சான் மீட்டரை இருமுறை பார்த்தார். பிறகு அண்ணாச்சியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

ஓர் எச்சரிக்கை. இஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்று சிலர் கூறுவார்கள். அதைச் செய்யாதீர்கள். அப்போது எழும் மிகை மின்னழுத்தம் டயோடுகளையும் காரின் கணினியையும் பொசுக்கிவிடக்கூடும்.

ஜும்ஆ முடிந்ததும் தூத்துக்குடிக்குப் பேருந்தில் சென்றோம். 1961இல் தொடங்கப்பட்டு சென்னைப் பாடியில் ஆலை நடத்தும் லூகாஸ் டிவிஎஸ் போன்ற நிறுவனங்கள் ஆல்டர்னேட்டர்களை நம் மாநிலத்திலேயே தயாரிக்கின்றன. கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்து, “இது புதுசு, இது பிரிச்சுச் சரிபண்ணினது. விலையில பாதிக்குப் பாதி வித்தியாசம். பார்வைக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்” என்று தாமாகவே கூறினார். மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலில் கைவிட்டுப் பார்த்து, குறையை மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். குறையை மேலே வைத்து விற்ற அந்த வணிகருக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக! பழையதைப் பக்கத்தில் வைத்து, போல்ட் துளைகள், புல்லியின் பள்ளங்கள், ஒயர் பிளக் மூன்றும் ஒத்திருப்பதைப் பார்த்தே புதியதை வாங்கினோம்.

அஸர் தொழுகைக்குப் பின் பிஸ்மில்லாஹ் கூறி வேலையைத் தொடங்கினோம். தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்ட நபியின் உம்மத்தினருக்குக் கையில் கிரீஸ் படுவதில் இழிவேதும் இல்லை. பேட்டரியின் நெகடிவ் ஒயரை முதலில் கழற்றினோம். ஆல்டர்னேட்டரின் பெரிய ஒயரில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருப்பதால், அதைக் கழற்றாமல் ஸ்பேனர் வைத்தால் தீப்பொறி பறக்கும். பெல்ட் செல்லும் வழியை ராத்தா அலைபேசியில் படமெடுத்துக்கொண்டார். இறுக்கும் போல்ட்டைத் தளர்த்தி பெல்ட்டை எடுத்து, ஒயர்களையும் பிளக்கையும் பிரித்து, தாங்கும் போல்ட்டை உருவியதும் ஆல்டர்னேட்டர் கைக்கு வந்தது. புதியதைப் பொருத்தியபோது பெல்ட்டின் இறுக்கத்தில்தான் அதிகக் கவனம் தேவைப்பட்டது. தளர்ந்தால் வழுக்கும், மிகையாக இறுகினால் பேரிங் தேயும். நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அமுங்குமாறு வைத்தோம். நெகடிவ் ஒயரைக் கடைசியாக மாட்டினோம். இஞ்சினை இயக்கியதும் சிவப்பு விளக்கு அணைந்தது, மீட்டர் 14.2 காட்டியது. விளக்குகளையும் ஃபேனையும் முழுதாகப் போட்டபோதும் 13.8க்குக் கீழே இறங்கவில்லை. மஃரிப் பாங்கு ஒலித்தது. அல்ஹம்துலில்லாஹ்.

சனிக்கிழமை உம்மா உரிய நேரத்தில் சிகிச்சைக்குச் சென்றார்கள். அன்று மாலை மச்சானே பழைய ஆல்டர்னேட்டரை அண்ணாச்சியின் பட்டறைக்குக் கொண்டுபோனார். அண்ணாச்சி அதைப் பிரித்து, ரோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்கள் அடிவரை தேய்ந்திருப்பதைக் காட்டினார். புதுப் பிரஷ் போட்டுக் கொடுத்து, “தூக்கிப் போட்டுறாதீங்க தம்பி, அவசரத்துக்கு உதவும்” என்றார். சிறிய தொகையே வாங்கினார். முந்தைய நாள் தம் பெயர் எங்கள் வீட்டு முற்றத்தில் எந்த நிலையில் இருந்தது என்பதை அவர் அறியமாட்டார். அறிய வேண்டிய நிலை வராமல் காத்தவன் அல்லாஹ்.

எங்கள் கடற்கரையில் முத்துக்குளித்த காலத்தில், நீருக்குள் இறங்கியவர் தம் உயிரை மேலே கயிறு பிடித்தவரிடம் ஒப்படைத்தே இறங்கினார். மேலே இருப்பவரின் கை என்ன செய்கிறது என்பதைக் கீழே இருப்பவர் காண இயலாது. பானட்டுக்குள் கைவைக்கும் தொழிலாளியையும் நாம் அவ்வாறே நம்புகிறோம். ஆனால் இந்த அமானிதம் ஒருவழிப்பட்டதன்று. நம் பொருள் அவரிடம் அமானிதமாக இருப்பதைப் போலவே, அவரது மானமும் நம்மிடம் அமானிதமாக இருக்கிறது.

ஆகவே சகோதரர்களே, வீட்டில் ஒரு மல்டிமீட்டர் வாங்கி வையுங்கள். கைப்பழக்கம் இல்லாதவர்கள் திறமையானவரை அழைத்து, தம் கண்ணெதிரே அளக்கச் சொல்லுங்கள். எந்த எண்ணை மீட்டர் காட்டினாலும் அதை ஏற்கும் மனத்தோடு அளந்து பாருங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அளந்து பார்க்காமல் யாரையும் பழிப்பதில்லை என்ற பழக்கத்தை அவர்கள் அங்கே கற்றுக்கொள்வார்கள், இன்ஷா அல்லாஹ்.

தவறான எண்ணங்களிலிருந்து நம் உள்ளங்களையும், பிறர் மானத்தைக் குலைப்பதிலிருந்து நம் நாவுகளையும் அல்லாஹ் காப்பானாக! நோயுற்ற தாய் தந்தையர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.