‘ரா பவர்’ கேட்கிற பிள்ளை

கல்லூரியில் படிக்கிற பையன் உள்ள வீட்டில் சத்தத்துக்குப் பஞ்சம் உண்டா? ஆறு மாதமாக என் மகன் ஓயாமல் கேட்பது ‘ரா பவர்’ என்கிற ராக் ஆல்பம். ‘ஸ்டூஜஸ்’ என்ற அமெரிக்கக் குழு 1973-ல் வெளியிட்டது. நான் பிறப்பதற்கும் முன்னால்! பாடியவர் இகி பாப். அப்போது அது சரியாக விற்கவில்லை, மறு வருஷமே குழுவும் கலைந்து போயிற்று. பின்னால் வந்த ‘பங்க்’ பாட்டுக்காரர்களுக்கெல்லாம் இதுதான் தாய்வீடு என்கிறார்கள்.

முதல் தடவை கேட்டபோது கிரைண்டரில் ஜல்லியைப் போட்டு ஓட்டின மாதிரி இருந்தது. “அம்மா, ஒரு தடவை முழுசா கேளேன்” என்றான். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். மொத்தம் எட்டே பாட்டு, சுமார் 34 நிமிஷம். இரண்டாவது பாட்டு மட்டும் மெதுவாக, சாதா கிட்டாரில் ஆரம்பிக்கிறது. அது எனக்குப் பிடித்துத்தான் போயிற்று. மற்றதெல்லாம் இளவட்டத்தின் கோபம்.

இதை முதலில் சரிசெய்து கொடுத்தவர் டேவிட் போவி. தன் கைக்கு வந்த நாடாவில் குரல் ஒரு தடம், கிட்டார் ஒரு தடம், மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஒரே தடத்தில் இருந்தன என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். சாம்பார், ரசம், மோர் மூன்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிவிட்டுத் தனித்தனியாகப் பரிமாறச் சொன்னால் எப்படி? 1997-ல் இகி பாப்பே மறுபடி கலந்து, சத்தத்தை உச்சாணிக்கு ஏற்றிவிட்டார். என் பிள்ளை கேட்பது அந்தப் பதிப்பு. அதுவும் இயர்போனில்.

ஒருநாள் ராத்திரி, “காதுக்குள்ளே விசில் அடிக்குதும்மா” என்றான். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. காது டாக்டரிடம் அழைத்துப் போனோம். பரிசோதித்துவிட்டு, “கேட்கும் சக்தி இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த இரைச்சல் ஓர் எச்சரிக்கை” என்றார். உள்காதில் மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள் இருக்கின்றனவாம். போனால் திரும்ப முளைக்காது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம். மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகக் குறையும். அப்படியே ஏறி 100 டெசிபலுக்கு வந்தால் கால் மணிதான் கணக்கு. இவன் ஆல்பமோ 34 நிமிஷம்!

“அந்தக் கண்றாவியையே நிறுத்து” என்றார் என் கணவர். நான் ஒப்பவில்லை. இந்த வயதில் தடுத்தால் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பான், அவ்வளவுதானே? இயர்போனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூடத்து ஸ்பீக்கரில், நான் சொல்கிற அளவில் ஒரு தடவை. நடுவில் நான் கூப்பிட்டால் அவனுக்குக் கேட்க வேண்டும். பத்து நாளில் விசில் நின்றது.

இப்போது எனக்குக் கதையும் சொல்கிறான். மிச்சிகன் மாநிலத்தில் இகி பாப்பின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். குடியிருந்தது சக்கரம் வைத்த சின்ன டிரெய்லர் வீடு. பிள்ளை டிரம்ஸ் அடிக்க ஆசைப்பட்டபோது, வேறெங்கும் இடம் போதாமல், அப்பாவும் அம்மாவும் தங்கள் படுக்கையறையையே விட்டுக் கொடுத்தார்களாம்.

இதைக் கேட்டதும் என் கணவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் இருப்பதே ஒரு படுக்கையறை.