முத்துக் கரையில் மோட்டார்த் தொழில்

புதுக்கோட்டை என்றவுடன் நேயர்கள் தொண்டைமான் மன்னர்களின் பழைய சமஸ்தானத்தை நினைத்துவிட வேண்டாம். நாம் குறிப்பிடுவது திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி செல்லும் சாலையில், துறைமுகத்தை அடையுமுன் வரும் சிற்றூர். சுற்றிலும் வானம் பார்த்த பூமி. படித்த பிள்ளைகள் சென்னைக்கு ரயிலேறுவது இப்பக்கத்தில் நெடுநாளைய வழக்கம்.

அந்நிய மூலதனம் இக்கரைக்குப் புதிதன்று. முத்தை நாடிப் போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். சிப்பிகள் அருகி, 1961-க்குப் பின் பெரிய முத்துக்குளிப்பே நடக்கவில்லை. ஹார்வி துரைமார் பஞ்சாலை வைத்தார்கள். அங்கே கூலி உயர்வும் வார விடுமுறையும் பெறுவதற்கு, 1908 பிப்ரவரியில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். மறு மாதமே சிறை புகுந்தார்கள். தாமிர உருக்காலையை எதிர்த்த கிளர்ச்சியில், 2018 மே மாதம் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் பதின்மூவர் மாண்டதையும் இவ்வூர் மறக்கவில்லை.

ஆகவே ஒரு புதிய தொழிற்சாலை என்றதும் இங்குள்ளோர் ஆவலும் ஐயமுமாகப் பார்ப்பதில் வியப்பில்லை. புதுக்கோட்டைக்கு வடக்கே சில்லாநத்தத்தில், சுமார் 400 ஏக்கரில், வியட்நாமிய வின்பாஸ்ட் கம்பெனியின் மின்சார மோட்டார்த் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4-ந் தேதி திறக்கப்பெற்றது. ஆண்டுக்கு 50,000 வண்டிகள் என்பது தொடக்க இலக்கு. வியட்நாமும் நம்மைப் போல் அந்நிய ஆட்சியில் உழன்ற தேசம். இன்று அதுவே முதல் போட வந்திருக்கிறது!

இதுவரை இத்தகைய மூலதனம் நாடியது சென்னையின் சுற்றுப்புறத்தையே. ஹுண்டாய் 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் வண்டி செய்யத் தொடங்கியது. ரெனோ-நிஸான் 2010-ல் ஒரகடத்துக்கு வந்தது. துறைமுகம் அருகே என்பார்கள். தூத்துக்குடியோ 1974-லேயே பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டதாயிற்றே! உண்மைக் காரணம் வேறு. ஒரு காருக்கு ஆயிரக்கணக்கான உறுப்புகள் வேண்டும். அவற்றைச் செய்யும் பட்டறைகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் பெருகிவிட்டன. ஒன்றிருக்குமிடத்துக்கே மற்றொன்று போகிறது.

பின்தங்கிய ஜில்லாக்களுக்குக் கூடுதல் சலுகை என்று ராஜ்ய சர்க்கார் 2021-ம் வருஷத்துத் தொழிற் கொள்கையில் விதித்தது நல்லதே. ஆனால் சலுகை தொழிற்சாலையைத்தான் கொண்டுவரும். பட்டறைகளைக் கொண்டுவர அது போதுமா? உறுப்புகள் அனைத்தும் வெளியூரிலிருந்து வந்து இங்கே பூட்டப்படுமானால், இக்கரைக்கு மிஞ்சுவது காவற்காரர் வேலையும் லாரிப் புழுதியுமே. கோவில்பட்டியில் நம்மவர் சிறு முதல் போட்டு வளர்த்த தீப்பெட்டித் தொழில் சுற்றுக் கிராமங்களெங்கும் பரவியது. சில்லாநத்தத்து வண்டிக்கு ஒரு திருகாணியாவது கோவில்பட்டியிலோ திருநெல்வேலியிலோ செய்யப்படுகிறதா என்பதையே நாம் இனி வருஷந்தோறும் விசாரிக்க வேண்டும்.