விரைவும் பதற்றமும்

விரைவு வேறு, பதற்றம் வேறு. இரண்டையும் ஒன்றென மயங்குவது இளமையின் இயல்பு. அம்மயக்கம் எனக்குத் தெளிந்தது ஏட்டுக் கல்வியால் அன்று. கால் மைல் நீளமுள்ள ஒரு நேர் பாதையிலேயாம். மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி நம் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதுவது தகுமோ என்று ஐயுறும் பெரியோர் இருப்பின், இறுதிவரை பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் ஊர் காரைக்காலைச் சேர்ந்த திருவேட்டக்குடி. சிவபெருமான் வேட்டுவக் கோலத்தில் வந்து அருச்சுனனுக்கு அருள் புரிந்த தலம் என்று அதன் வரலாறு கூறும். கடலும் கோயிலும் வயலும் சூழ்ந்த அவ்வூரில், நூற்றைம்பது சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்று என் கைக்கு வந்த நாள் முதல் எனக்கும் என் உயிர்த்தோழன் ஒருவனுக்கும் ஒரே பைத்தியம் பிடித்தது. தரங்கம்பாடி செல்லும் சாலை இரவில் வெறிச்சோடிக் கிடக்கும். இருவரும் அருகருகே வண்டிகளை நிறுத்தி, ஒரு கல்லிலிருந்து மறு கல் வரை முந்துவோம்.

ஓரிரவு மாடு ஒன்று குறுக்கே வந்தது. அவன் தடுமாறி விழுந்தான். நான் அதனை அறியாமலே மறு கல்லைத் தொட்டு, வென்றேன் என்று கையையும் உயர்த்தினேன். திரும்பிப் பார்த்தபோது பின்னே விளக்கொளி இல்லை. அவன் உயிர் பிழைத்தான். ஆயினும் இடது முழங்கால் அன்று முதல் மடங்குவதில்லை. அக்குற்றத்தில் பாதி என்னுடையது. உயர்த்திய அக்கையை நினைக்குந்தோறும் இன்றும் நாணுகிறேன்.

வண்டியை விற்றுவிடுவதாக அவனிடம் சொன்னேன். அவனோ, "விற்பதால் என் கால் மடங்குமாடா? ஓட ஆசை இருந்தால், ஓடுவதற்கென்று கட்டிய இடத்தில் போய் ஓடு. நானும் வருகிறேன்," என்றான். இக்கட்டுரை அச்சொல்லிலிருந்து பிறந்ததே.

ஓடுவதற்கென்று இடம் அமைத்தவர்களின் கதையும் ஏறக்குறைய இத்தகையதே. அமெரிக்காவில் இளைஞர்கள் ஊர்த் தெருக்களில் வண்டிகளை முடுக்கி மாண்டுகொண்டிருந்த காலத்தில், 1950-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சாண்டா அனா விமான நிலையத்தில் நேர்கோட்டுப் பந்தயம் முறையாகத் தொடங்கிற்று. மறு ஆண்டில் வாலி பார்க்ஸ் என்பவர் அதற்கென்று ஒரு தேசியச் சங்கம் கண்டார். தெருவிலிருந்து இளைஞர்களை அகற்றிப் பாதுகாப்பான களத்திற்குக் கொண்டுவருவதே அதன் முதல் நோக்கம். நம் நாட்டிலும் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமாகிய சோழவரம் நெடுங்காலம் மோட்டார் பந்தயங்களின் இருப்பிடமாக விளங்கிற்று. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம், 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான ஓட்டக்களம் ஒன்றைத் திறந்தது. போர் விமானம் ஓடிய பாதை விளையாட்டுக்குப் பயன்பட்டது காலத்தின் நற்செயல் என்றே கொள்ளலாம்.

பயிலுநர்க்கென்று ஓட்டக்களம் ஒன்றில் குறித்த நாளில் நாங்கள் சென்றோம். தலைக்கவசம், தோலுடை, கையுறை, கணுக்காலை மூடிய பாதவணி ஆகியவற்றைச் சோதித்த பின்னரே உள்ளே விட்டனர். தோழன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வேலியோரம் அமர்ந்துகொண்டான். 'டிராக் ரேஸ்' எனப்படும் இப்பந்தயத்தில் இரண்டு வண்டிகள் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு 1,320 அடி, அதாவது 402 மீட்டர், நேராக ஓடவேண்டும். தொடக்கக் கோட்டில் 'கிறிஸ்துமஸ் மரம்' என்னும் விளக்குக் கம்பம் நிற்கும். மஞ்சள் விளக்குகள் மூன்று அரை விநாடிக்கு ஒன்றாக எரிந்து, பின் பச்சை தோன்றும். பச்சைக்கு முன் நகர்ந்தவனுக்குச் சிவப்பு எரியும்; அவன் தோற்றவனாவான்.

முதல் ஓட்டத்தில் யந்திரத்தை உச்சக் கதியில் அலறவிட்டு, பச்சை கண்டதும் கிளட்சைப் பட்டென்று விட்டேன். முன்சக்கரம் மேலே எழும்பிற்று. அஞ்சி விசையைத் தளர்த்தினேன். வண்டி சோர்ந்து, மீண்டும் உயிர்பெற்று ஓடிற்று. காலம் 19.61 விநாடி. ஊரில் என்னை வெல்வாரில்லை என்றிருந்தவனுக்கு அன்று கிடைத்த இடம் கடைசிக்கு முந்தியது.

தோழன் காலச்சீட்டைப் பார்த்து, "முதல் அறுபதடிக்கு உனக்கு 2.9 விநாடி. உன்னைப் போன்ற வண்டியே வைத்திருக்கும் அவருக்கு 2.5. நீ முடிவில் தோற்கவில்லை, புறப்பாட்டிலேயே தோற்றுவிட்டாய்," என்றான். தொடக்கத்தில் இழந்த வேகம் வழி முழுவதும் குறைந்தே நிற்குமாதலால், முதல் அறுபதடியில் இழந்த ஒரு பங்கு, முடிவில் ஒன்றரைப் பங்கிற்கும் மேலாகப் பெருகக் கூடும் என்று பழகியவர்கள் விளக்கினர்.

அப்போது என் பெரியப்பா நினைவுக்கு வந்தார். அவர் கடல் தொழிலினர். சிறுவயதில் படகு தள்ளப் போகும்போதெல்லாம் என்னிடம், "தம்பி, அலையோடு மல்லுக்கட்டாதே. அது அடங்கும் நேரம் பார்த்துத் தள்ளு, தள்ளத் தொடங்கினால் இடையில் நிறுத்தாதே," என்பார். பதறித் தள்ளிய படகு கவிழும். தயங்கித் தள்ளிய படகு கரைக்கே திரும்பும். கிளட்சும் அவ்வாறே என்று உணர்ந்தேன். ஊர் திரும்பியதும், அது எவ்விடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது என்பதை விரல்கள் அறியும் வரை, ஆளில்லாத முற்றத்தில் ஒரு மாதம் மெல்ல மெல்லப் பழகினேன்.

அடுத்த முறை மார்பைப் பெட்ரோல் டாங்கின்மேல் சாய்த்து எடையை முன்னே தந்தேன். யந்திரத்தை நடுத்தரக் கதியில் நிலையாக நிறுத்தி, கிளட்சை ஒரே சீராக விடுத்தேன். முன்சக்கரம் தரையை விடவில்லை. அறுபதடி 2.6 ஆயிற்று, முடிவு 18.9.

எஞ்சியவற்றை ஒவ்வொன்றாகக் கற்றேன். கியரை உச்சக் கதி வரை இழுத்து, யந்திரம் தானே மூச்சடைக்கும் வரை காத்திருந்தது என் மடமை. வலிமையின் உச்சத்தைச் சற்றே கடந்தவுடன் மாற்றவேண்டும். வேகம் மிகுந்த பின் காற்றே பெரும் பகையாதலால், முழங்கைகளை ஒடுக்கிக் குனியவேண்டும். நண்பகலின் வெங்காற்று அடர்த்தி குன்றியதாதலின் யந்திரம் சிறிது வலிமை இழக்கும். ஆகவே காலை ஓட்டத்தை மாலை ஓட்டத்தோடு ஒப்பிட்டு மகிழ்வதும் வருந்துவதும் பேதைமை. எல்லாவற்றிலும் முக்கியமாகத் தோழன் ஒரு விதி செய்தான்: ஓர் ஓட்டத்திற்கு ஒரு மாற்றமே. டயர்க் காற்றையும் புறப்படும் கதியையும் ஒருங்கே மாற்றினால், நன்மை எதனால் விளைந்தது என்று அறிய வழியில்லை. நம் ரசாயனப் பரிசோதனைச் சாலையில் ஆசிரியர்கள் ஓயாது வற்புறுத்தும் உண்மையும் இதுவன்றோ?

ஒருநாள் 18.3 விநாடியில் ஓடியும், 18.5-இல் ஓடியவரிடம் தோற்றேன். அநீதி என்று பொருமினேன். தோழன் நகைத்தான். கடிகாரம் ஓடத் தொடங்குவது பச்சை எரியும்போது அன்று. முன்சக்கரம் தொடக்கக் கோட்டின் ஒளிக்கற்றையை விட்டு அகலும்போதே. ஆதலின், பச்சை கண்டு உறங்கினாலும் ஓட்டக் காலம் கெடாது. பந்தயம் மட்டும் கெடும். எதிராளி பச்சைக்குப்பின் 0.4 விநாடியில் புறப்பட்டார், நான் 0.8. கூட்டினால் அவருக்கு 18.9, எனக்கு 19.1. தன்னை வெல்வதும் பிறரை வெல்வதும் தனித்தனிக் கலைகள் என்று அன்று அறிந்தேன்.

ஓராண்டு முடிவில் என் காலம் 18.14 ஆயிற்று. ஒன்றரை விநாடிக்கும் சிறிது குறைந்த இலாபம்! இதற்கோ இத்தனை பாடு என்று நகைப்பார்க்கு ஒன்று சொல்வேன். இவ்விளையாட்டில் தேர்ந்தவர்க்கும் அபாயம் உண்டு. 2008-இல் ஸ்காட் கலிட்டா என்னும் புகழ்பெற்ற வீரர் களத்திலேயே உயிரிழந்தார். அதன்பின் அமெரிக்காவில் மிக வேகமான வகுப்புகளுக்குத் தூரத்தையே ஆயிரம் அடியாகக் குறைத்தனர். நூற்றுக்கணக்கான மைல் வேகத்தில் பறப்போரே தம் எல்லையைச் சுருக்கிக்கொள்ள நாணவில்லை. விளக்கும் வேலியும் மருத்துவ வண்டியும் இல்லாத சாலையில், எதிரே வருவோர் உயிரையும் பணயம் வைத்து ஓடுபவனை வீரன் என்று எங்ஙனம் அழைப்பது?

பதறிய காரியம் சிதறும் என்பது நம் முதுமொழி. தேர்வு மண்டபத்தில் வினாத்தாளைக் கண்டதும் எழுதுகோலை முடுக்கும் நண்பர்களுக்கும் இது பொருந்தும்.

18.14 வந்த அன்று நான் கையை உயர்த்தவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு வேலியோரம் நடந்தேன். தோழன் மடங்காத காலை நீட்டியபடியே அமர்ந்து, அவ்வெண்ணை நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அதன்கீழ் ஒரு கோடிட்டான். பின் நிமிர்ந்து, "அறுபதடி இன்னும் 2.5 தான். அடுத்த மாதம் பார்ப்போம்," என்றான்.