மேலே அழைக்கும் நாள்

பேஸ்பால் அணி நிர்வாகம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கோடிக்கணக்கான டாலர் ஒப்பந்தங்களும் வீரர் பரிமாற்றங்களும்தான். தலைப்புச் செய்தியாவதும் அவைதான். ஆனால் ஓர் அணியின் அடுத்த பத்தாண்டைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வேறொரு முடிவு. மைனர் லீக்கில் ஆடிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞனை என்றைக்கு மேஜர் லீக்குக்கு அழைப்பது என்ற முடிவு அது. அமெரிக்க மேஜர் லீக்கின் 30 அணிகளும் தலா நான்கு மைனர் லீக் அணிகளை வைத்திருக்கின்றன. சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று ஒவ்வொரு படியாக ஏறித்தான் ஒருவன் உச்சிக்கு வரவேண்டும். 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக பிராஞ்ச் ரிக்கி கட்டியெழுப்பிய ஏற்பாட்டின் நீட்சி இது. பணக்கார அணிகளோடு போட்டிபோட்டு வீரர்களை வாங்க முடியாதென்றால் நாமே வளர்த்துக்கொள்வோம் என்பது அவருடைய யோசனை. நூறாண்டு அனுபவம் இருந்தும் இந்த அழைப்பை எந்த அடிப்படையில் விடுப்பது என்பதில் அணிகள் இன்னும் தடுமாறுகின்றன. இவன் மேலே உள்ள ஆட்டத்துக்குத் தயாராகிவிட்டானா என்ற ஒரே கேள்விதான் அதைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கட்சி. டிக்கெட் விற்பனைக்காக அவசரப்படுத்துவதும் சம்பளக் கணக்குக்காகத் தாமதப்படுத்துவதும் எதிரெதிர்த் தவறுகள்போலத் தோன்றலாம். இரண்டிலுமே அந்த இளைஞனின் ஆட்டத்தைப் பார்க்காமல் வேறெதையோ பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்பதால், எனக்கு அவை ஒரே தவறாகத்தான் படுகின்றன.

அவசரத்துக்கு டேவிட் க்ளைடைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. ஹூஸ்டனில் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 1973 ஜூன் டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வான இடக்கை பிட்சர் அவர். அவரை எடுத்த டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அந்த ஆண்டு 105 ஆட்டங்களில் தோற்ற அணி. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்தாயிரம் பேர்கூட வராத மைதானம். உரிமையாளர் பாப் ஷார்ட்டுக்குக் கூட்டம் தேவைப்பட்டது. மைனர் லீக்கில் ஒரு பந்துகூட வீசாத 18 வயதுப் பையன், ஜூன் 27 அன்று மின்னசோட்டா ட்வின்ஸுக்கு எதிராக மேஜர் லீக் மேட்டில் ஏறினான். 35,000-க்கும் மேற்பட்டோர் வந்து மைதானம் நிரம்பியது. ஐந்து இன்னிங்ஸில் ஒரே ஒரு ஹிட் கொடுத்து, எட்டு பேரை ஸ்டிரைக் அவுட் செய்து, ஆட்டத்தையும் வென்றான். அதே ஐந்து இன்னிங்ஸில் ஏழு பேரை வாக் முறையில் முதல் பேஸுக்கு அனுப்பியிருந்தான் என்பதை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை. பந்தை நினைத்த இடத்தில் போட அவன் இன்னும் பழகவில்லை என்பதை அந்த ஏழு என்ற எண் உரக்கவே சொன்னது. ஓரிரு ஆட்டங்கள் ஆடவிட்டு மைனர் லீக்குக்கு அனுப்புவதாகத்தான் பேச்சு. கூட்டம் வந்ததால் அனுப்பவில்லை. பிறகு தோள் காயங்கள் வந்தன, அறுவை சிகிச்சை வந்தது. 24 வயதில் மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தபோது அவருடைய கணக்கு 18 வெற்றி, 33 தோல்வி. காயத்துக்கு அவசரம் மட்டுமே காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் அவருக்குக் கற்றுக்கொள்ள இடம் கொடுக்கப்படவில்லை என்பதை மறுக்க முடியாது.

பதினெட்டு வயதிலேயே வந்து ஜெயித்தவர்கள் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். ராபின் யவுன்ட் 1974-ல் 18 வயதில் மில்வாக்கி ப்ரூவர்ஸின் ஷார்ட்ஸ்டாப் ஆனார். 3,142 ஹிட்டுகளோடு ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். அல் கேலைன் பள்ளியிலிருந்து நேராக டெட்ராய்ட் டைகர்ஸுக்கு வந்து 20 வயதில் அமெரிக்கன் லீக்கின் பேட்டிங் பட்டத்தை வென்றார். இவர்கள் என் வாதத்துக்கு எதிரிகள் அல்லர். எத்தனை வயது என்பதை நான் அளவுகோலாக வைக்கவே இல்லை. தயாரா இல்லையா என்பதே கேள்வி. யவுன்ட்கூட முந்தைய ஆண்டு ஒரு மைனர் லீக் சீசனைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். இன்னும் வலுவான எதிர்வாதம் சாண்டி கூஃபாக்ஸ். அன்றைய விதிப்படி, 4,000 டாலருக்கு மேல் போனஸ் வாங்கிச் சேரும் இளம் வீரரை அணி இரண்டு ஆண்டுகள் கட்டாயமாக மேஜர் லீக்கிலேயே வைத்திருக்க வேண்டும். 1955-ல் ப்ரூக்ளின் டாட்ஜர்ஸில் கூஃபாக்ஸுக்கு இடம் வேண்டும் என்பதற்காகக் கீழே அனுப்பப்பட்டவர், பின்னாளில் அதே அணியின் புகழ்பெற்ற மேனேஜரான டாமி லசோர்டா. மைனர் லீக்கே தெரியாத கூஃபாக்ஸ் ஆட்டத்தின் மிகப் பெரிய பிட்சர்களில் ஒருவரானார் என்பது உண்மை. அதற்கு எத்தனை காலம் பிடித்தது என்பதையும் பார்க்க வேண்டும். முதல் ஆறு ஆண்டுகளில் 36 வெற்றி, 40 தோல்வி. தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலான நாட்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பந்தை வீசிப் பழக வேண்டிய கை சும்மா கிடந்தது. 1966-ல் 27 வெற்றிகள் பெற்ற கையோடு, முழங்கை மூட்டு வாதத்தால் 30 வயதில் ஓய்வு பெற்றார். மொத்தம் பன்னிரண்டு ஆண்டு வாழ்க்கை, அதில் பாதி பழகுவதிலேயே போய்விட்டது. விதி குறுக்கே நிற்காமல் இரண்டு ஆண்டுகள் கீழே ஒழுங்காக வீசியிருந்தால் அந்த மகத்தான ஆறு ஆண்டுகள் எட்டாகியிருக்குமே என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தாமதத்தின் கதை நம் காலத்தது. மேஜர் லீக் விதிப்படி 172 நாட்கள் அணிப் பட்டியலில் இருந்தால் ஒரு வீரருக்கு ஓர் ஆண்டுச் சேவை. ஆறு ஆண்டுகள் முடிந்தால் அவர் விரும்பிய அணிக்குப் போகலாம். ஆக, தொடக்கத்தில் இரண்டு வாரம் தள்ளி அழைத்தால் போதும், அணிக்கு அவர் கிட்டத்தட்ட ஏழு ஆண்டுகள் கிடைப்பார். 2014-ல் மைனர் லீக்கில் 43 ஹோம் ரன் அடித்த கிரிஸ் பிரையன்ட், 2015 வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் மட்டும் ஒன்பது ஹோம் ரன் அடித்தார். சிகாகோ கப்ஸ் நிர்வாகமோ அவர் ஃபீல்டிங்கில் இன்னும் தேற வேண்டும் என்று சொல்லி டிரிபிள்-ஏவுக்கு அனுப்பியது. ஏப்ரல் 17 அன்று மேலே அழைத்தது. பன்னிரண்டு நாட்களில் அந்த ஃபீல்டிங் எப்படித் தேறியது? சீசன் முடிவில் அவர் கணக்கில் இருந்தவை 171 நாட்கள். ஒரே ஒரு நாள் குறைவு. அந்த ஆண்டு நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுக வீரர் அவர்தான். அடுத்த ஆண்டு மிக மதிப்புமிக்க வீரர் விருதும் பெற்றார். 2016 உலகத் தொடரின் கடைசிப் பந்து மூன்றாம் பேஸில் அவரிடம்தான் உருண்டு வந்தது. ஈரத் தரையில் கால் வழுக்க, முகத்தில் சிரிப்போடு அவர் முதல் பேஸுக்கு எறிந்ததில் பட்டத்துக்கான கப்ஸின் 108 ஆண்டு காத்திருப்பு முடிந்தது. ஃபீல்டிங் போதாது என்று சொல்லப்பட்டவர் செய்த ஃபீல்டிங் அது. அழைப்பைத் தள்ளிப்போட்டது பற்றிய அவருடைய புகாரை நடுவர் 2020 தொடக்கத்தில் தள்ளுபடி செய்தார், விதி மீறப்படவில்லை என்று. நேர்மை மீறப்பட்டது என்பது என் எண்ணம்.

சிறிய நகர அணிகளின் ரசிகர்கள் இங்கே கோபப்படுவார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. பிட்ஸ்பர்க்கோ கான்சஸ் சிட்டியோ டம்பா பேயோ நியூயார்க்கோடு பணத்தில் போட்டியிட முடியாது. தான் வளர்த்த வீரர் ஓராண்டு கூடுதலாகத் தங்குவது அவர்களுக்கு உயிர் மூச்சு. ஆனால் கப்ஸ் சிறிய நகர அணி அல்லவே! அந்தக் கூடுதல் ஆண்டால் அவர்களுக்குக் கிடைத்ததுதான் என்ன? அது 2021-ம் ஆண்டு. அந்த ஜூலையிலேயே பிரையன்ட்டை இரண்டு மைனர் லீக் வீரர்களுக்காக சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். பணமில்லாத அணிக்கு இதைவிடக் கண்ணியமான வழியும் இருக்கிறது. 2008-ல் டம்பா பே அணி, எவான் லாங்கோரியா மேஜர் லீக்குக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், ஆறு ஆண்டுகளுக்கு 1.75 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. இளைஞனுக்குப் பாதுகாப்பு, அணிக்கு மலிவு. அட்லாண்டா ப்ரேவ்ஸ் 2019-ல் 21 வயது ரொனால்ட் அகூன்யாவோடு எட்டு ஆண்டுகளுக்குப் பத்துக் கோடி டாலர் பேசியதும் அதே பாதையில்தான். எல்லாம் பலித்துவிடும் என்று சொல்லவில்லை. மேஜர் லீக்கில் ஆடுவதற்கு முன்பே ஃபிலடெல்ஃபியா 2018-ல் ஸ்காட் கிங்கரிக்குக் கொடுத்த 2.4 கோடி வீணானது. இருந்தாலும் நாட்களை எண்ணி ஏமாற்றுவதைவிட ஒரு வீரர் மேல் நம்பிக்கை வைத்துத் தோற்பது மேல்.

மைனர் லீக்குக்குத் திரும்ப அனுப்பப்படுவது அவமானம் என்ற எண்ணமும் ரசிகர்களிடமிருந்து போக வேண்டும். பிட்சர் ராய் ஹாலடே 1998-ல், தன் இரண்டாவது மேஜர் லீக் ஆட்டத்திலேயே, ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட்டாகும்வரை ஒரு ஹிட்கூடக் கொடுக்காதவர். இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரிந்தது. 2000 சீசனில் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 10.64 ரன் விட்டுக்கொடுத்தார். அத்தனை இன்னிங்ஸ் வீசிய எவரும் அவ்வளவு மோசமாக வீசியதில்லை. டொராண்டோ ப்ளூ ஜேஸ் அவரை விற்றிருக்கலாம், மேலேயே வைத்து அடிவாங்க விட்டிருக்கலாம். 2001-ல் ஃபுளோரிடாவின் டனிடன் ஊரிலுள்ள ஏ நிலை அணிக்கு, பல படிகள் கீழே, அனுப்பினார்கள். அனுப்பிவிட்டு மறந்துவிடவில்லை என்பதுதான் முக்கியம். மெல் குவீன் என்ற பயிற்சியாளர் கூடவே இருந்தார். தலைக்கு மேலே நேராகச் சுழன்று இறங்கிக்கொண்டிருந்த கையை முக்கால் உயரத்துக்குச் சாய்க்க வைத்தார் குவீன். எத்தனை வேகமாக வீசினாலும் நேர்கோட்டில் வந்து பேட்டரின் மட்டைக்கு வாகாக இருந்த பந்து, அந்தச் சாய்விலிருந்து கிளம்பியதும் அசையத் தொடங்கியது. ஒன்று வலக்கை பேட்டரின் கையை நோக்கி உள்ளே வந்து தாழ்ந்தது, இன்னொன்று கடைசி நொடியில் வெளியே விலகியது. அதே ஆண்டு ஜூலையில் டொராண்டோ திரும்பினார். 2003-ல் 22 வெற்றிகளோடு சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, 2010-ல் ஒரு பேட்டரைக்கூட பேஸுக்கு விடாத பெர்ஃபெக்ட் கேம், 2019-ல் ஹால் ஆஃப் ஃபேம். மைனர் லீக் எதற்கு இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் சுட்டிக்காட்டுவது டனிடனில் கழிந்த அந்தச் சில வாரங்களைத்தான்.

பொறுமைக்கும் விலை உண்டு. வாஷிங்டன் நேஷனல்ஸ் 2012-ல் 98 ஆட்டங்களை வென்றது. முழங்கை அறுவை சிகிச்சையிலிருந்து மீண்டிருந்த பிட்சர் ஸ்டீஃபன் ஸ்டிராஸ்பர்க்கை, 159 இன்னிங்ஸ் தாண்டியதும் செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள். அவர் இல்லாமல் பிளேஆஃப் ஆடி, ஐந்தாவது ஆட்டத்தில் 6-0 என்று முன்னணியில் இருந்தும் கார்டினல்ஸிடம் தோற்றார்கள். ஏழு ஆண்டு கழித்து 2019 உலகத் தொடரின் சிறந்த வீரர் விருதை அதே ஸ்டிராஸ்பர்க் வாங்கினார் என்று நிர்வாகத்தின் ஆதரவாளர்கள் சொல்வார்கள். அதற்குப் பிறகு எட்டே ஆட்டங்கள்தான் வீச முடிந்தது என்று எதிர்த்தரப்பு சொல்லும். இரண்டுமே எதையும் நிரூபிக்கவில்லை. கையின் நலனை முன்வைத்து எல்லை வகுத்ததையும், கூச்சலுக்கு நடுவே அதில் நின்றதையும் நான் மதிக்கிறேன். ஆனால் அந்த எல்லை சீசனுக்கு முன்பே தெரிந்திருந்ததே! அவரை ஏப்ரலில் தொடங்காமல் மே கடைசியில் தொடங்கியிருந்தால் அதே 159 இன்னிங்ஸ் அக்டோபர்வரை வந்திருக்கும். பொறுமைக்கும் திட்டம் வேண்டும். அது இல்லாததால் ஓர் அருமையான சீசன் கையைவிட்டுப் போனது.

எந்த அடிப்படையில் அழைக்கிறோம் என்பது அழைக்கப்படுகிறவனோடு நிற்பதில்லை. கீழே இருக்கும் ஒவ்வொரு பையனும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மணிக்கு நூறு மைல் வேகம் காட்டுகிறவன்தான் மேலே போகிறான் என்றால் எல்லோரும் நூறு மைலைத் துரத்துவார்கள், முழங்கைத் தசைநார் கிழிந்தாலும் சரி என்று. பிட்சர்களின் காயங்கள் பற்றி 2024 டிசம்பரில் மேஜர் லீக் வெளியிட்ட அறிக்கையும், வேகத்தையும் சுழற்சியையும் உச்சபட்ச முயற்சியோடு துரத்துவதைத்தான் முக்கியக் காரணமாகச் சொன்னது. பந்தை இடம் பார்த்துப் போடுகிறவனையும், மோசமான இன்னிங்ஸிலிருந்து நிதானமாக வெளியே வருகிறவனையும் மேலே அழைத்துக் காட்டினால் அந்தக் குணங்கள் கீழே தாமாகப் பரவும். வயிற்றுப்பாடும் இதில் சேர்த்தி. 2023-ல் வந்த மைனர் லீக் வீரர்களின் முதல் கூட்டு ஒப்பந்தத்துக்கு முன்பு டிரிபிள்-ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 17,500 டாலர். 2023-ல் அது 35,800 ஆனது. அதே ஆண்டில் மேஜர் லீக்கின் குறைந்தபட்சம் 7,20,000. இந்த இடைவெளியை வைத்துப் பார்த்தால்தான் இரண்டு வாரத் தாமதம் ஓர் இளைஞனுக்கு என்ன என்பது புரியும்.

மேஜர் லீக்கின் 2022 தொழிலாளர் ஒப்பந்தம் தாமதத்துக்கு ஓரளவு கடிவாளம் போட்டது. சிறந்த புதுமுக வீரர் வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தால், எப்போது அழைக்கப்பட்டிருந்தாலும் முழு ஆண்டுச் சேவை உண்டு. தொடக்கத்திலிருந்தே இளைஞனை மேலே வைத்திருக்கும் அணிக்கு, அவன் அந்த விருதை வென்றால் கூடுதல் டிராஃப்ட் வாய்ப்பு. சியாட்டில் மரைனர்ஸ் ஹூலியோ ரொட்ரிகஸை 2022-ல் முதல் நாளிலிருந்தே ஆடவிட்டு அந்தப் பரிசைப் பெற்றது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பால் ஸ்கீன்ஸை 2024 மே 11 அன்றுதான் அழைத்தது. அவர் விருதை வென்றதால் முழு ஆண்டையும் பெற்றார், அணிக்கோ பரிசு எதுவும் இல்லை. ஸ்கீன்ஸின் இன்னிங்ஸைப் படிப்படியாக ஏற்றுவதற்காகத்தான் காத்தோம் என்ற அணியின் விளக்கம் உண்மையாகவே இருக்கலாம், முந்தைய ஆண்டுவரை கல்லூரியில் வீசிக்கொண்டிருந்தவர் அவர். ஆனால் இந்தக் கடிவாளம் நட்சத்திரங்களுக்கு மட்டும்தான். வாக்கெடுப்பில் மூன்றாவதாக வருகிறவனுக்கும், எந்தப் பட்டியலிலும் பெயர் வராமல் ஒழுங்காக ஆடிக்கொண்டிருக்கும் இரண்டாம் பேஸ்காரனுக்கும் 171 நாள் கணக்கு இன்றும் அப்படியே இருக்கிறது. அடுத்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் வீரர்கள் சங்கம் முதலில் கேட்க வேண்டியது இவர்களுக்கான பாதுகாப்பை.