வெண்புகை

மலையிலே புகை தோன்றினால் அங்கே நெருப்பு உண்டென்று துணிவது, தருக்க நூலார் நமக்குக் கற்பித்த அனுமானம். அவர்களே ஓர் எச்சரிக்கையும் சொன்னார்கள்: மூடுபனியைப் புகையென்று மயங்கிவிட்டால் அனுமானம் முழுவதும் பிழைத்துவிடும். கட்டுகஸ்தோட்டையில் வாழும் எமக்கு இது ஏட்டுச் சுரைக்காயன்று. மார்கழி, தை மாதங்களில் மகாவலி ஆற்றின்மேல் பனி படர்ந்திருக்கும் விடியற்பொழுதில் எந்த வாகனத்தை முடுக்கினாலும், அதன் புகைக்குழாய் வெண்மையாகவே மூச்சு விடும். எது பனியின் குறும்பு, எது நோயின் குறி என்று அறிவது எப்படி?

என் மைத்துனர் தம்புள்ளையில் மரக்கறி ஏற்றி, மாத்தளை வழியாகக் கண்டிக்குக் கொண்டுவந்து விற்பவர். அவருடைய டீசல் பிக்கப் வண்டிக்கு வயது முப்பதைக் கடந்துவிட்டது. ஐவர் அடங்கிய குடும்பம் அதனையே நம்பியிருக்கிறது. அவ்வண்டி ஒருநாள் வெண்புகை கக்கத் தொடங்கிற்று. "எஞ்சின் முடிந்தது, வேறு எஞ்சின்தான் போட வேண்டும்" என்றார் ஒரு கராஜ்காரர். "பனிக்காலத்தில் எல்லா வண்டியும் இப்படித்தான், பயப்படாதே" என்றார் அயலவர். முன்னவர் சொல்லைக் கேட்டால் சேமிப்புப் போய்விடும். பின்னவர் சொல்லைக் கேட்டால் வண்டியே போய்விடலாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் பரவலாக மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையிலே பழைய வண்டிகளும் எட்டாத விலைக்கு ஏறிவிட்டன. இழந்தால் மறுபடி வாங்குவது எளிதன்று.

முதியவரான ஒரு நானாவிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் எதனையும் கழற்றவில்லை. மூன்று கேள்விகளே கேட்டார்.

முதலாவது, எப்போது புகைக்கிறது? எரிபொருள் எரியும்போது நீராவி பிறப்பது இயற்கை. குளிர்ந்த குழாயில் அது வெண்மையாகத் தோன்றும். எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் மறையும். மறையாவிட்டாற்றான் கவலை.

இரண்டாவது, மணம் எப்படி? கண்ணைக் கரிக்கும் டீசல் நெடியாயின், எரிபொருள் எரியாமல் வெளியேறுகிறது. இன்ஜெக்டர் பழுது, டீசல் பாயும் நேரம் பிந்துதல், ஹீட்டர் பிளக் வேலை செய்யாமை, சிலிண்டரின் அமுக்கம் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம். இனிய மணமாயின், ரேடியேட்டரில் ஊற்றிய கூலன்ட் எரிகிறது. வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் அந்த மணமும் இராது.

மூன்றாவது, தண்ணீர் குறைகிறதா? "இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு போத்தல் ஊற்றுகிறேன், நானா. ஏற்றத்தில் சூடுமானியின் முள்ளும் மேலே போகிறது" என்றார் மைத்துனர். வெளியே ஒழுக்கு இல்லை. "அப்படியென்றால் புகையை விடுங்க, தண்ணி எங்க போகுதெண்டு பாப்பம்" என்றார் அவர்.

மறுநாட் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கையில், ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து வண்டியை முடுக்கினார். நீரிலே குமிழிகள் இடைவிடாது எழுந்தன. சூடாக இருக்கும்போது அம்மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும்.

பழுது ஹெட் கஸ்கெட்டில் இருந்தது. சிலிண்டர்களுக்கும் அவற்றை மூடும் தலைப்பகுதிக்கும் இடையேயுள்ள அந்த மெல்லிய தகடுதான் நெருப்பையும் நீரையும் எண்ணெயையும் ஒன்றோடொன்று சேராமற் காக்கிறது. அது பழுதானால் நீர் சிலிண்டருக்குள் புகுந்து ஆவியாகி வெளியேறும். கவனியாது விட்டால் நீர் எண்ணெயிற் கலந்து பெயாரிங்குகளைத் தேய்க்கும். சிலிண்டரில் நீர் தேங்கினால், அது அமுங்காத பொருளாகையால், இரும்புத் தண்டும் வளைந்துவிடும். நல்லவேளையாக எண்ணெய் இன்னும் பால்நிறமாகத் திரியவில்லை. தலைப்பகுதியைக் கழற்றி, அதன் வளைவை லேத் பட்டறையில் சீவிச் சமப்படுத்தி, புதிய கஸ்கெட் இட்டதும் வண்டி பிழைத்தது. எஞ்சின் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுதோறும் செய்யப்படும் புகைப் பரிசோதனை, புகையின் அளவைச் சொல்லும். அதன் காரணத்தைச் சொல்லாது. காரணத்தை அறிய, அன்றாடம் வண்டியோடு பழகுவோரின் கண்ணே வேண்டும். இப்பொழுது சாதாரண தர வகுப்பிற் படிக்கும் மைத்துனரின் மகள், காலைதோறும் தந்தை புறப்படுமுன் ரேடியேட்டரின் நீர்மட்டத்தைப் பார்த்து ஒரு பழைய அப்பியாசக் கொப்பியிற் குறித்துவைக்கிறாள். விஞ்ஞானப் பாடத்தில் அவள் செய்யும் பரிசோதனைகளுள் வீட்டுக்குச் சோறு போடுவது இதுதான்.