சல்லியில் ஒரு தொண்ணூறு

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கே போனால், உப்புவெளியில் இரண்டாம் உலகப்போர்க் கல்லறைத் தோட்டம் வரும். அதையும் கடந்து, சாம்பல்தீவில் கடலை நோக்கித் திரும்பினால் சல்லி. முத்துமாரி அம்மன் பொங்கலுக்குத் தூரத்து ஊர்ச் சனமும் வந்து சேரும் கரையோரக் கிராமம். நான் போனது ஓர் ஆவணி மாதம், ஊரின் மூத்த கரவலைக்காரர் ஒருவரின் தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு.

அடையாள அட்டை அவர் வயதில் மூன்றைக் குறைத்துச் சொல்கிறது. பிந்திப் பதிந்ததால் வந்த வினை. வீட்டார் நம்புவது அவருடைய கணக்கைத்தான்.

"யப்பான்காரன் குண்டு போட்டவன் எல்லே தம்பி, அப்ப எனக்கு ஏழு நடந்தது."

அது 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை காலை. ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பைத் தாக்கிய ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள், நான்கு நாள் கழித்துத் திருகோணமலைக்குக் குறிவைத்தன. சீனக்குடா விமானத்தளமும் கடற்படைத் துறையும் அடிபட்டன. எண்ணெய்த் தாங்கி ஒன்று நாட்கணக்கில் எரிந்தது. துறைமுகத்தில் தீப்பிடித்த 'சகாயிங்' என்ற கப்பல் பின்பு கடலடியில் கிடந்து, 2018இல்தான் மேலே வந்தது. முந்தின இரவு துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 'ஹெர்மிஸ்' மட்டக்களப்புக்கு அப்பால் முன்னூறுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது.

பெரியவருக்கு நினைவிருப்பது வேறு. தெற்கு வானத்தில் கரும்புகை. வருஷப்பிறப்புக்குப் பலகாரம் சுட மா இடித்துக்கொண்டிருந்த தாய், உலக்கையைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடியது. பிறகு பட்டணத்துச் சனம் மூட்டை முடிச்சோடு வந்து தென்னைகளுக்குக் கீழே படுத்தது. "ஆருக்கும் இல்லையெண்டு சொல்லேல்ல" என்றார். அவருடைய வயதுக் கணக்கையே நானும் ஏற்கிறேன். ஊரே கூடநின்று பார்த்த நாளைவிடப் பெரிய சாட்சி எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

பந்தலுக்குக் கீழே கேக்கும் இருந்தது, சர்க்கரைப் பொங்கலும் இருந்தது. வந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஊரின் பழைய குடும்பங்கள். ஆர் ஆர் பழைய ஆட்கள் என்று கேட்டேன். காணி உறுதியைப் பற்றி அவர் பேசவில்லை. கயிற்றைப் பற்றிப் பேசினார். கரவலையைத் தோணியில் கொண்டுபோய் வளைத்துவிட்டு, அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்கக் கூட்டங்கள் நெருங்கும். மடி கரையேறும்போது எல்லாரும் ஒன்றாக நிற்பார்கள். "இவையின்ர அப்பா வடக்குக் கயிறு. அந்தா, அவையள் தெற்குக் கயிறு." முற்றத்தில் இருந்த ஒவ்வொருவரையும் இப்படியே காட்டினார். கனடாவிலிருந்து வந்திருந்த பேத்தி கொப்பியில் எழுதிக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்தப் பிள்ளையின்மேல் பெரிய மரியாதை வந்தது.

இப்போது பல கரைகளில் உழவு இயந்திரம்தான் கயிற்றைச் சுற்றுகிறது. அவருக்கு அதில் உடன்பாடில்லை. அம்பாப் பாட்டுப் பாடாமல் இழுத்த வலையில் எல்லாருக்கும் பங்கு எப்படி வரும் என்று கேட்டார். நூறு கை பிழைத்த வேலையை ஓர் இயந்திரம் எடுத்துக்கொள்வதைப் பற்றி அதைவிட நேராக யாரும் கேட்டதில்லை.

1985, 1990 என்று போரில் ஊர் கலைந்த வருஷங்களை மெதுவாகச் சொன்னார். 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றிப் பேச்செடுத்தபோது கையை மட்டும் அசைத்தார். நானும் கேட்கவில்லை.

பேத்தி எழுதியதை வாசித்துக் காட்டினாள். கண்ணை மூடிக் கேட்டவர், "ஒரு வீடு விடுபட்டுப்போச்சு" என்றார். 1990இல் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமுக்குப் போய், திரும்பாமலே இருக்கும் குடும்பம். அவர்கள் ஊரில் இல்லையே என்றாள் பேத்தி. "இல்லாட்டி? வடக்குக் கயிறு. எழுது."

எழுதிய பிறகுதான் கேக் வெட்டச் சம்மதித்தார். முதல் துண்டை வாயில் வைத்ததும், அந்த வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னார். மறுமுனையில் குரல் கேட்டதும் பந்தல் அதிரச் சத்தமாகப் பேசத் தொடங்கினார். இந்த வருஷம் நெத்தலி நல்லாய்ப் படுகிறதாம். எப்ப வாறியள்?