சுவருக்குப் பவுடர்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று பெரியோர் சொல்லி வைத்தார்கள். கல்யாணம் பண்ணிப் பார்த்துச் சில வருஷங்களான பிறகு, நாமும் துணிந்து கிழக்குத் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் ஒரு சிறு வீடு கட்டத் தொடங்கினோம். கூரை எழும்பும் வரையில் நமக்கும் மேஸ்திரிக்கும் யாதொரு மனஸ்தாபமும் இல்லை. வெளிச்சுவரின் பூச்சு வேலையில்தான் வினை வந்தது.

மேஸ்திரி அறுபது வயதுக்காரர். ஒரு கரண்டி சாந்து சுவரில் விழுவதற்கு முன்பே இரண்டு நாட்களைச் செலவிட்டார். செங்கல் இணைப்புகளில் நின்ற சாந்தைச் சுரண்டச் சொன்னார். வழவழப்பான கான்கிரீட் தூண்களை உளியால் கொத்தச் சொன்னார். தூணும் செங்கல்லும் சேருமிடத்தில் கம்பி வலை அடித்தார். பிறகு சுவர் முழுவதையும் நனைக்கச் செய்தார்.

“செங்கல்லுக்குத் தாகம் இருந்தால் சாந்தின் ஈரத்தைக் குடித்துவிடும், ஐயா. அப்புறம் சாந்து சுவரைப் பிடிக்காது” என்றார்.

தூக்குக்குண்டு விட்டு, ஆங்காங்கே சாந்துப் புள்ளிகள் வைத்து, அவற்றை மட்டக்கோலால் ஒரே தளத்துக்குக் கொண்டு வந்தார். சிமெண்டு ஒரு பங்குக்கு மணல் ஐந்து பங்கு. முதல் பூச்சு ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். அதைக் கீறிவிட்டு, இறுகிய பின் இரண்டாம் பூச்சு 8 மில்லிமீட்டர். கடைசியில் மரக் கட்டையால் வட்ட வட்டமாய்த் தேய்த்து முடித்தார்.

சுவர் மட்டமாய்த்தான் இருந்தது. ஆனால் தொட்டால் சற்றே சொரசொரத்தது. பக்கத்துத் தெரு வீடோ கண்ணாடி போல் பளபளத்தது! கிருகப்பிரவேசப் பத்திரிகையும் அச்சாகிவிட்டது. “உலர்ந்த சிமெண்டைத் தூவி இரும்புக் கரண்டியால் இழுத்துவிடுங்கள்” என்று உத்தரவிட்டோம்.

“வேண்டாம், ஐயா. வெளிச்சுவருக்கு அது ஆகாது, தோல் வெடிக்கும். ஏழு நாளாவது தண்ணீர் காட்டவும் வேண்டும்” என்றார் அவர்.

அவருடைய நாற்பது வருஷ அனுபவம் நமது அழைப்பிதழிடம் தோற்றுப் போயிற்று. தண்ணீர் காட்டியது மூன்றே நாட்கள்.

விருந்தினர் சுவரைத் தடவித் தடவிப் பாராட்டினார்கள். கோடை பிறந்ததும் சுவரில் சிலந்தி வலை போல் மயிரிழைக் கீறல்கள் தோன்றின. சிமெண்டு மிகுந்த மேல்தோல், அடியிலுள்ள பூச்சைவிட அதிகமாய்ச் சுருங்குமாம்; சுருங்க இடமில்லாமல் வெடித்துவிடுமாம். ஐப்பசி அடைமழையில் ஈரம் உள்சுவருக்கு வந்தது. நாலு மாதக் குழந்தையின் தொட்டிலை அந்த மூலையிலிருந்து அகற்றினோம். இரவில் குழந்தை இருமும் போதெல்லாம் அந்தச் சுவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பளபளப்புக்குப் பேர் போன ஊர்தான் நம் சென்னை. காப்டன் குக்குடன் கடற்பயணம் சென்ற ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், 1780-இல் இங்கு வந்தபோது, வீடுகளின் பூச்சைக் கண்டு வியந்து எழுதினார். சலவைக்கல்லோ என்று மயங்கும்படி மின்னிய அது, நம் கொத்தனார்கள் கடற்சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு! அதை அரைத்து, பல தடவை பூசி, கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக் கருவும் தயிரும் நெய்யும் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்தார்கள். பூச்சில் கசியும் ஈரத்தை நாள்தோறும் துணியால் ஒற்றி எடுத்தார்கள். அந்த மினுக்கம் தூவி வந்ததன்று; காத்திருந்து வந்தது.

தை மாதம் மேஸ்திரியின் வீடு தேடிச் சென்றோம். அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. “காலையில் வருகிறேன், ஐயா” என்றார். பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, புதிதாய்ப் பூசினார். இம்முறை காலையும் மாலையும் குழாயைப் பிடித்துத் தண்ணீர் காட்டியவர் நாமே. ஏழு நாள் போதுமென்று அவர் சொல்லியும், பத்து நாள் நனைத்தோம்.

இப்போது நமது சுவரை யாரும் தடவிப் பாராட்டுவதில்லை. அடுத்த ஐப்பசியில் மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. அந்த மூலையில் குழந்தை உட்கார்ந்து சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தது.